பத்து நிமிடம் கூட்டி வைத்த கடிகாரம்

இன்று காலை என் அலுவலகத்தில் புதிதாக ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டினார்கள். மாட்டிய பெண் என்னிடம் வேலை பார்ப்பவள்தான். "பத்து நிமிஷம் கூட்டி வச்சிருக்கேன் மேடம், அப்பதான் எல்லாரும் நேரத்துக்கு வருவாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, சரியான மணிக்குத் திருப்பி மாட்டினேன். இந்த வயதில் புடவையோடு நாற்காலி மேல் ஏறி நிற்பதைப் பார்த்து ஆபீஸே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "மேடத்துக்கு என்னாச்சு?" என்று ஒருத்தி கேட்டதும் காதில் விழுந்தது.

என்னாச்சு என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீயோ இல்லை. அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நம் ஆபீஸ் இருந்ததே, ஞாபகம் வருகிறதா? அரியலூர் அப்போது நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற பணத்தை இங்கே குடும்பத்தாரிடம் கொடுக்கிற ஏஜென்சி. கீழே கவுண்டர், அங்கே நீ. மாடியில் ஏசி போட்ட சின்ன அறை, அதில் ஒரு சர்வர், அதற்குக் காவலாக நான். வேப்பந்தட்டையிலிருந்து பஸ் ஏறி வருவேன். எங்கள் அம்மா அப்போதும் களை வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வகையறாவில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் நான் என்கிற கர்வம் என் தலையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஆறு மாதம் தற்காலிகம், வேலை பிடித்திருந்தால் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

நீ லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருவாய். உன் வீட்டுக்காரர், நீ மச்சான் என்று கூப்பிடுகிறவர், சவூதியில். "அவரு அனுப்புற காசு எந்த வழியா வருதுன்னு பாக்கணும்டி" என்று சொல்லிக்கொண்டு ஒருநாள் மாடிக்கு ஏறி வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் நீ ஒருத்திதான். நான்கூடக் கழற்றியதில்லை.

அன்றைக்கு உனக்கு எல்லாம் சொன்னேன். கவுண்டரில் ஒருவர் ரகசிய எண்ணைக் கொடுத்தால் அது நம் சர்வருக்கு வரும். சர்வர் சென்னையில் இருக்கிற பெரிய நெட்வொர்க்கிடம் கேட்கும். "கொடு" என்று பதில் வந்தால்தான் பணம். ஒவ்வொரு கேள்வியிலும் நம் ரகசிய முத்திரையும், கேட்ட நேரமும் இருக்க வேண்டும். நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்பின்னாக இருந்தால் அங்கே தூக்கி எறிந்துவிடுவார்கள். பழைய கேள்வியை எவனாவது திருடி வைத்திருந்து மறுபடி அனுப்பினால் மாட்டிக்கொள்ள வேண்டுமே, அதற்கு. நான் வளவளவென்று விளக்கி முடித்ததும் நீ சொன்னாய்: "காலையில கிழிச்ச டிக்கெட்ட சாயங்கால பஸ்ல காட்டுனா கண்டக்டர் உடுவாரா? அதானே?" அதேதான். இன்றுவரை புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதையே சொல்லிக்கொடுக்கிறேன். உன் வசனம் என்று மட்டும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் உன்னை மாடியிலிருந்து இறக்குவதுதான் கஷ்டமாகிவிட்டது. காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன்னால் ஒரு கையில் டீ டம்ளரோடு வந்து, முந்தின நாள் சர்வர் எழுதி வைத்த பதிவுகளை வரி வரியாகப் படிப்பாய். "யாரோ ஒருத்தன் விடிய விடியக் கதவத் தட்டியிருக்கான்டி, இந்த நம்பர்ல இருந்து" என்று காட்டுவாய். நான் அந்த முகவரியை அடைப்பேன். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில், "சோதனைக்குன்னு ஒரு பேரு போட்டு உள்ள போனியே, அத இன்னும் எடுக்கல. கடவுச்சொல்லும் ஒண்ணு ரெண்டு மூணுதான். எவனாச்சும் பாத்தா நீ தொலைஞ்ச" என்றாய். உடனே அழித்தேன். நீ முதலாளியிடம் சொல்லியிருந்தால் என் ஆறு மாதம் அன்றோடு முடிந்திருக்கும். "எதுன்னாலும் உன் மூஞ்சிக்கு நேரதான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய்.

அவசரத்துக்கென்று சர்வரின் கடவுச்சொல்லை ஒரு கவரில் ஒட்டி வைத்திருப்போம், பொறுப்பாளர் சொல்லாமல் அதைப் பிரிக்கக் கூடாது. பொறுப்பாக இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதும் நெட்வொர்க்கின் சட்டம். ஒருத்தி நான். இன்னொருவர் முதலாளி, அவர் கடவுச்சொல்லை மறந்துபோய் தினக்காலண்டரின் பின்னால் எழுதி வைக்கிற மனுஷன். அதனால் உன் பெயரை எழுதிச் சென்னைக்கு அனுப்பினோம். அவர்கள் ஆள் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றால் நீ இரண்டாவது பொறுப்பாளர். கவுண்டர் வேலை போய், மாடியில் உனக்கு ஒரு மேஜை. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வேறொரு தாளில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டாய். "பன்னெண்டாவதோட நிறுத்திப்புட்டாங்கடி என்னைய. இது மட்டும் கெடச்சிருச்சுன்னா எம் மவகிட்ட நானும் படிச்ச வேலை பாக்குறேன்னு சொல்லுவேன்" என்றாய். இந்த ஒரு வாக்கியத்தை மறக்க முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. நான் அரியலூர் கிளையில் வேலை முடித்துவிட்டு அங்கே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பெரம்பலூரில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. யுபிஎஸ் செத்து, சர்வர் அணைந்து, கரண்ட் வந்து மறுபடி எழுந்திருக்கிறது. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்து போயிருந்ததால் என்றைக்கோ ஒரு பழைய தேதியைக் காட்டியிருக்கிறது. வழக்கமாக சர்வர் வெளியிலிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். பாதுகாப்பு பாதுகாப்பு என்று எல்லா வழிகளையும் அடைத்தேன் பார், அதில் நேரம் வருகிற வழியையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தேன். மகா புத்திசாலி.

நீ போன் செய்தாய். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் அடிக்கிறார், ஒரு கையில் பை, ஒரு கையில் போன், படியில் ஒரு கால்.

"ஏய், மெசினு ஏதோ பழைய வருஷத்தக் காட்டுதுடி. ஒரு பேருக்கும் பணம் குடுக்க முடியல."

"முதலாளி முன்னால கவரப் பிரிச்சுக் கடவுச்சொல்ல எடு. தேதியும் மணியும் போட்டுட்டு மறுபடி ஒட்டி வச்சிரு. நோட்டுல எழுதிரு."

"மணி எதப் போடட்டும்? சுவத்து மணியா, நெஜ மணியா?"

நம் ஆபீஸ் கடிகாரத்தை முதலாளி பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்பார், கவுண்டரை நேரத்துக்குத் திறக்க வேண்டும் என்று. அது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் பார்த்ததுமே மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், உங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனாலேயே உன் கேள்வி எனக்குக் கேள்வியாகப் படவில்லை. கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். கத்தினேன்.

"சுவத்துல இருக்குறத அப்படியே போடுடி! நீயா ஒண்ணு யோசிக்காத. சொன்னதச் செய்யி."

நீ செய்தாய். பத்து நிமிடம் முந்திய சர்வரிலிருந்து போன கேள்வி ஒவ்வொன்றையும் சென்னை தூக்கி எறிந்தது. மணியில்தான் கோளாறு என்று உனக்குச் சீக்கிரமே பட்டிருக்கிறது. எனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாய். என் போனில் சார்ஜ் தீர்ந்து போயிருந்தது. கவரை இன்னொரு தடவை பிரிக்கலாம் என்று முதலாளியே சொல்லியும் நீ ஒப்புக்கொள்ளவில்லை. "அவ சொல்லாம பிரிக்கக் கூடாதுங்க, சட்டம் அதுதான்" என்று சொன்னாயாம். நடு மத்தியானம் நான் வந்து சேர்ந்தபோது எறையூரிலிருந்து வந்த ஒரு அம்மா, மகளின் நர்சிங் காலேஜுக்குக் கட்ட இன்றுதான் கடைசி நாள் என்று அழுதுகொண்டிருந்தாள். நீ அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலேஜுக்குப் போன் போட்டு ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் மாடிக்கு ஓடி, மணியைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினேன். ஒரு நிமிட வேலை.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து அந்த சார் வந்தார். மாடி அறையில் நீ, நான், முதலாளி. அவர் நோட்டைப் புரட்டினார். உன் குண்டு குண்டு எழுத்தில் அந்த வரி: "சொன்னபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி வைக்கப்பட்டது."

"சொன்னபடின்னா? யார் சொன்னது?" என்று கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாக இல்லை. அடுத்து நான் பேசுவேன் என்கிற நம்பிக்கையோடு, சாதாரணமாகப் பார்த்தாய். நான் நோட்டைப் பார்த்தேன். என் ஆறு மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மாவின் வெடித்த கால் பாதம் கண்ணில் வந்து நின்றது என்று நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். எதுவும் வந்து நிற்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நீயே சொன்னாய்.

"மணியப் போட்டது நான்தான் சார்."

அவர் எழுதிக்கொண்டார். உன் பெயரை அடித்தார். "கவுண்டர்லயே இருக்கட்டும்மா, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்றார் முதலாளி, ஏதோ உனக்கு நல்லது செய்கிறவர் போல. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு நாளில் என் வேலை நிரந்தரமானது.

படியில் இறங்கும்போது பின்னாலேயே வந்து உன் கையைப் பிடித்தேன். நீ உதறவில்லை. "எம் பங்க நான் சொல்லிட்டேன். உம் பங்கையும் நானே சொல்லணுமாடி?" என்று கேட்டாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி நீ பேசவே இல்லை. மறுநாளும் எனக்கு டீ வந்தது. உன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாய், என் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்து வைத்தாய். ஆனால் மாடிக்கு மட்டும் நீ வரவே இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கீழ்ப்படியில் நின்று குரல் கொடுப்பாய். அந்த அறை வாசலில் உன் செருப்பை நான் மறுபடி பார்க்கவில்லை.

என்னைத் திட்டியிருக்கலாம் நீ. நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன், சொல்லியிருப்பேன், எல்லாம் அப்போதே தீர்ந்திருக்கும். பார், இதையும் உன் தலையிலேயே கட்டப் பார்க்கிறேன். புத்தி மாறவே இல்லை.

உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தபோது நான் சென்னையில் இருந்தேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். வந்து சேர்ந்தது நீ போய் நாற்பதாம் நாள் ஓதுகிற ஃபாத்திஹாவுக்குத்தான். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதையெல்லாம் பேசினார்கள். "அந்த மெசினுக்கு மணி தப்பாப் போட்டுட்டேம்மா, அதான் மாடி வேலை போயிருச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அவளுக்கு அந்த வேலை மேல அம்புட்டு ஆசைம்மா" என்றார்கள்.

நீ உன் வீட்டில்கூட என் பங்கைச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். "இல்லம்மா. அவ சரியாத்தான் கேட்டா. தப்பாப் போடச் சொன்னது நான்தான். அங்க கேட்டப்ப நான் பேசாம இருந்துட்டேன்." உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், எட்டாவதோ ஒன்பதாவதோ. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உன் அம்மா என் கையை விடவில்லை. அப்புறம், "இத அவ இருக்கும்போது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்கள். திட்டுகிற குரல் இல்லை.

இப்போது என் பொறுப்பில் சர்வர்கள் நிறைய. நேரம் வருகிற வழியை எங்கும் அடைப்பதில்லை. யாராவது போனில் ஒரு கேள்வி கேட்டால், எவ்வளவு அவசரமானாலும், அதை ஒருமுறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். ஏதாவது கெட்டுப்போய் அறிக்கை எழுத வேண்டி வந்தால் முதல் வரியில் என் பங்கை எழுதிவிட்டுத்தான் மற்றவர்களிடம் தாளைத் தள்ளுவேன். "மேடம் முந்திக்கிட்டு மாட்டிக்குவாங்க" என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

நாற்காலியிலிருந்து இறங்கியதும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோபப்பட்டதற்கு வருத்தம் சொன்னேன். அவள் பாவம், விழித்தாள். "பரவால்ல மேடம், இப்ப மணி கரெக்டுதானே?" என்று கேட்டாள். கரெக்டுதான்.

அன்றைக்கு அந்த சார் கேட்டதும் நான் சொல்லியிருக்க வேண்டியது பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஒரு வரி. இத்தனை வருடமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன், குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொன்னதில்லை.

மணியைப் போட்டது அவள்தான் சார். போடச் சொன்னது நான்.