வண்டி லேட்டானால் மட்டும்

பிப்ரவரி 3
இன்று பெரிய களையெடுப்பு! 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்குக் கீழே எந்த ஒலிப்பதிவும் என் ஹார்டு டிஸ்கில் இருக்கக் கூடாது. நானே ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். பதினோராயிரம் ஃபைல் காலி. ஆடியோ குழுவில் போட்டேன், லைக் குவியுது.
அக்கா கேட்டாள்: "உனக்கென்ன வௌவால் காதாடா?"
அம்மா சிரித்தாள். சிரிப்பும் கரகர. நாலு மாசமா தொண்டைக்கட்டு.

பிப்ரவரி 19
அம்மாவுக்குத் தொண்டைக்கட்டு இல்லையாம், புற்றாம். குரல்வளையையே எடுக்கணுமாம். மார்ச் நாலு ஆபரேஷன்.

பிப்ரவரி 20
"அம்மாவோட பழைய குரல் எல்லாம் உன்கிட்டதானே இருக்கு? பாட்டு, சண்டை, என் பொறந்தநாள் வாழ்த்து?" என்றாள் அக்கா.
இருக்கு என்றேன்.
இல்லை. எல்லாம் போனில் எடுத்தது, தரம் 96-க்குக் கீழே; களையெடுப்பில் போய்விட்டது. ஸ்கிரிப்ட்டுக்கு அம்மா என்ன, அடுத்த வீட்டுக்காரன் என்ன? பேக்கப்பும் அதைப் பார்த்து அப்படியே அழித்திருக்கிறது — நான்தான் அப்படி அமைத்து வைத்தேன். அந்த இடத்தில் புது ஃபைல்களையும் கொட்டிவிட்டேன். மீட்க மூணு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணுமே வரல. என்ன பண்ணுவேன் நான்?

பிப்ரவரி 27
நல்ல மைக் வைத்து அம்மாவைப் பேசச் சொன்னேன். 192 கிலோஹெர்ட்ஸ்.
"என்னத்தடா பேச? சாப்பிட்டியா?" காத்து மட்டும்தான் வந்தது.
ஹெட்போனில் கேட்டேன். எச்சில் விழுங்குவது, மூச்சு உரசுவது, வளையல் மேஜையில் படுவது — அத்தனையும் துல்லியம். அம்மா மட்டும் அதில் இல்லை.

மார்ச் 4
முடிந்தது.

மார்ச் 15
அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "ஸ்டேஷன்ல அம்மா குரல் இருக்குமேடா" என்றாள்.
அம்மா பத்து வருஷம் ரயில்வே அறிவிப்பாளர். அவள் பதிவு செய்த அறிவிப்புகள்தான் இத்தனை நாள் ஓடின. அந்த ஸ்பீக்கரை நான் 'தகர டப்பாவுக்குள்ள ஈ' என்று கிண்டலடிப்பேன்.
ஓடினேன். போன மாசமே மெஷின் குரல் போட்டுவிட்டார்கள்.
"ஒண்ணே ஒண்ணு பாக்கி தம்பி," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "வண்டி லேட்டானா மட்டும் அம்மா குரல். வெள்ளிக்கிழமை அதையும் மாத்திருவாங்க."
"காப்பி எடுத்துக்கலாமா சார்?"
"பழைய பொட்டிப்பா. வயர் சொருகக்கூட ஓட்டை இல்ல."

மார்ச் 16
எல்லா வண்டியும் சரியான நேரம்.

மார்ச் 17
சரியான நேரம். என்னிக்கும் இல்லாத திருநாளா!
8.40 வண்டி ரெண்டு நிமிஷம் லேட். அஞ்சு நிமிஷம் ஆனால்தான் அறிவிப்பாம். ஊரே வண்டிக்குக் காத்திருக்க, நான் மட்டும் வராதே வராதே என்று முணுமுணுத்தபடி நின்றேன்.

மார்ச் 18
20 நிமிஷம் லேட்!!
ரெக்கார்டரைத் தூக்கினேன். "வண்டி காலதாமதமாக வந்து சேரும். சிரமத்திற்கு வருந்துகிறோம்." அம்மா. பக்கத்தில் பெட்டியோடு நின்றவர், "வருந்தி என்னத்தக் கிழிச்ச?" என்றார். அதுவும் பதிவாகியிருக்கிறது.

மார்ச் 19
இரைச்சலை நீக்கிப் பார்த்தேன். கூடவே அம்மாவும் தேய்ந்தாள். சேவ் பண்ணாமல் மூடினேன்.
அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பெட்டிக்காரர் திட்டும் இடத்தில் தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமில்லாமல். பிறகு நோட்டில் எழுதினாள்: 'இதைப் பதிவு பண்ணின அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்டா. இது என் குரலே இல்ல.'
எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நாற்பது தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். இப்பவும் தெரியவில்லை.