திருவுருவத்துக்குப் பின்னால் நிற்கும் வேண்டுகோள்கள்

கடல் மூன்றும் கேட்க முரசு அறைவித்தவரும், பகைவர் கனவிலும் வாளோடு புகுபவரும், நெடுங்கரை நாட்டுக்கு நிழல்தரு குடையுமாகிய வேந்தர் திருமுடிக்காரியார் திருவடிகளுக்கு, எல்லைப்புறத்துப் புன்செய்ப்பாடியிலிருந்து ஓலைநாயகம் பொன்னங்கொற்றன் பணிந்து எழுதும் விண்ணப்பம். குடை வாழ்க, நாடெங்கும் சிக்னல் குன்றாதிருக்க.

குடிகள் மடைநீர் கேட்பதற்கெனத் தாங்கள் அருளிய இணையச் செயலியில் இவ்வூரார் பொத்தானை அழுத்தியும் நீர் வரவில்லை. வேண்டுகோள் எதுவும் தமக்கு எட்டவில்லை என்ற மடைக்காவலர் கீரங்கண்ணனைப் பொய்யர் எனச் சினந்து, அவர் தலையை வாங்குமாறு அதே செயலி வழியே எல்லைக்கோட்டைத் தளபதிக்கு ஆணை விடுத்தருளினீர். அதன் பின்னர் என்னை விசாரிக்கப் பணித்தீர். இவ்வரிசை பற்றி நான் சொல்வதற்கு ஏதுமில்லை.

அரண்மனையில் சோதித்தபோது செயலி இமைப்பொழுதில் திறந்தது. ஆகவே ஊருக்கே வந்து, ஊர்த்தலைவி நீலியம்மையின் வயலோரம் அமர்ந்து, செயலியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வேண்டுகோளும் எப்போது சென்றது, என்ன விடையோடு மீண்டது என்று காட்டும் கண்காணிப்புச் சாளரத்தைத் திறந்து வைத்தேன். அம்மையார், "அமுக்கி அமுக்கி என் விரலு தேஞ்சதுதான் மிச்சம், நீங்க வந்து அதை வேடிக்கை பாக்குறீங்களாக்கும்" என்று முறையிட்டார். மெய்யே. வேடிக்கை பார்த்ததில்தான் குற்றவாளி அகப்பட்டார்.

முதலில் புறப்பட்டது நீருக்கான வேண்டுகோள் அன்று. தங்கள் திருவுருவப் படத்துக்கான வேண்டுகோள். அரசர் முகம் கண்ட பின்னரே குடிகள் வாய்திறக்க வேண்டும் என்னும் அவைமரபைச் செயலி செய்தோர் பிசகாமல் பின்பற்றி, படம் முழுதும் இறங்கும்வரை வேறெதுவும் நகரலாகாது என விதித்துவிட்டனர். படமோ மதில்மேல் தீட்டிய அளவிலேயே, மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரியுமாறு ஏற்றப்பட்டிருக்கிறது. இங்கே சிக்னல் ஒற்றைக் கோடு. நெற்றியைத் தாண்டுமுன் இணைப்பு அறுந்து, மறுபடி மணிமுடியிலிருந்து தொடங்குகிறது. இவ்வூரார் தங்கள் மூக்கை இதுவரை கண்டதில்லை. நெல் கருகத் தொடங்கிவிட்டது. ஐயோ, கீரங்கண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை, வேந்தே!

பின்னர் கோட்டைக்கு வந்து தளபதியின் செயலியையும் கண்காணித்தேன். தலை வாங்கும் ஆணையும் அதே படத்தின் பின்னால்தான் காத்து நிற்கிறது; அதனால் மட்டுமே கீரங்கண்ணன் இன்று காலை கஞ்சி குடித்தார். படத்தை வரிசையின் கடைசிக்குத் தள்ளும் திருத்தம் என் கையில் ஆயத்தமாக உள்ளது. அதை வெளியிட்டால் மடையும் திறக்கும், வாளும் இறங்கும். வந்து சேர்ந்த அரச ஆணையைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை.

ஆகவே, அரண்மனையிலிருந்தபடியே "ஆணையை நீக்கு" என்னும் பொத்தானை அழுத்தியருள்க. அழுத்தியதும் இவ்வோலையின் அடியில் தங்கள் இலச்சினையைப் பொறித்து, கொணர்ந்த குதிரைவீரனிடமே தருக. விடையைச் செயலியில் அனுப்ப வேண்டா. அவன் மீண்டதும் திருத்தத்தை வெளியிடுவேன், நீர் பாயும். இதற்குச் சாட்சியாக என் முத்திரை இட்டேன்.

முத்திரைக்குப் பின் எழுதியது: கோட்டையில் சிக்னல் இன்று சற்றே கூடியிருக்கிறது. திருவுருவம் மீசை வரை இறங்கிவிட்டது. மோவாய் மட்டுமே மிச்சம்.