தூரம் பிரிக்கும்வரை

1864 ஜூன் 11, சனி. கென்டக்கி.

விடிவதற்குள் ரான்சம் ஓடிவிட்டான். வடக்குப் படையில் சேர்ந்தால் அடிமைக்கு விடுதலை என்ற செய்தி அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது. அவனுடைய எஜமான், என் மனைவி லூசிண்டாவின் அண்ணன் வார்ஃபீல்டு, காலையிலேயே வந்து எங்கள் மேசையைக் குத்தினார். அவருடைய மகன் தெற்குப் படையில். “நாளைக்கு ரெண்டு பேரும் நேருக்கு நேர் நின்னு சுட்டுக்கிட்டா கடவுள் யாரு பக்கம் மாப்ளே?” போதகன் நான், பதில் தெரிந்திருக்க வேண்டும். சோளரொட்டியில் பாகு ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 20

புகையிலைத் தோட்டத்தில் ரான்சமின் வரிசையையும் அவன் மனைவி கெசாயா ஒருத்தியே பார்க்கிறாள். கைக்குழந்தை மரத்தடியில்.

நவம்பர் 30

கெசாயா குழந்தையோடு ரான்சம் இருக்கும் படைமுகாமுக்குப் போயிருக்கிறாள். சிப்பாய்க்குத்தான் விடுதலை, பெண்டாட்டிக்கு இல்லை என்று பனியில் விரட்டிவிட்டார்கள். இருபது மைல் நடந்து, மறுபடி வார்ஃபீல்டின் குடிசைக்கே. லூசிண்டா கம்பளி கொடுத்தனுப்பினாள். நான் ஜெபித்தேன். கம்பளியாவது சூடாக இருக்கும்.

டிசம்பர் 29

நாஷ்வில் சண்டையில் வார்ஃபீல்டின் மகன் இறந்துவிட்டான். ஞானஸ்நானம் கொடுத்தவன் நான்.

1865 மார்ச் 18

புதிய சட்டம் வந்திருக்கிறது. படையில் சேர்ந்தவனின் மனைவி மக்களுக்கும் விடுதலை. அடிமைகளுக்குச் சட்டப்படி திருமணம் கிடையாது என்பதால், ஏதோ ஒரு சடங்கு நடந்ததற்குச் சாட்சி இருந்தால் போதுமாம். ஏழு வருடத்துக்கு முன் அந்தச் சடங்கை நடத்தியவன் நான்தான்.

மாலையே வார்ஃபீல்டு வந்துவிட்டார். “அது கல்யாணமே இல்ல மாப்ளே. ‘மரணமோ தூரமோ பிரிக்கும்வரை’ன்னுதானே சொல்லி வச்சீங்க? தூரம்தான் வந்துடுச்சே, முடிஞ்சுபோச்சு. நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். சொன்னதச் சொன்னாப் போதும்.”

உண்மைதான். அடிமைகளுக்கு மணம் முடிக்கையில் இந்தப் பக்கத்துப் போதகர்கள் அப்படித்தான் சொல்வோம். எஜமான் நாளைக்கு ஒருவரை விற்றுவிட்டால், கடவுள் சேர்த்ததை மனிதன் பிரித்ததாக ஆகிவிடக் கூடாதே — அதற்காக ஓர் ஏற்பாடு. யாருடைய வசதிக்கு? எழுதவே கை கூசுகிறது. எத்தனை ஜோடிக்குச் சொல்லியிருப்பேன்?

மார்ச் 19

பிரசங்கம் செய்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

மார்ச் 23

அடுத்த வாரம் கெசாயாவை எங்கோ தொலைவில் ஒரு பண்ணைக்கு அனுப்பிவிடப் போகிறார் வார்ஃபீல்டு. அதற்குள் சாட்சி சொல்ல வேண்டும். “புள்ளயப் பறிகொடுத்துட்டு நிக்கிற மனுசன். இதையும் நீங்களா செய்யணும்?” என்று லூசிண்டா அழுதாள். அவள் கேட்பதும் நியாயம்தான். நான் என்னதான் செய்ய?

மார்ச் 27

முகாமுக்குப் போனேன். கெசாயாவையும் வார்ஃபீல்டையும் வரவழைத்திருந்தார்கள்.

“என்ன வார்த்தை சொல்லி நடத்தி வச்சீங்க?” என்று முகாம் அதிகாரி கேட்டார். சொன்னேன், ‘தூரமோ’வையும் விடாமல். வார்ஃபீல்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அதிகாரி கெசாயாவிடம் திரும்பினார். “நீயும் அதையேதான் திருப்பிச் சொன்னியா?”

“மத்ததெல்லாம் சொன்னோம்ங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் நாங்க ரெண்டு பேருமே சொல்லல. முன்னாடியே பேசி வச்சிருந்தோம்.”

“போதகர் கவனிக்கலையா?”

“அவரு புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு.”

அந்த வார்த்தை புத்தகத்திலேயே கிடையாது. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் புத்தகத்தைப் பார்த்தேன். ஏழு வருடமாக என் வார்த்தைதான் அவர்களைக் கட்டியது என்று நினைத்திருந்தேன், மடையன்.

அதிகாரி கையெழுத்திட்டார்.

ஏப்ரல் 9

வார்ஃபீல்டு சபைக்கு வரவில்லை. லூசிண்டா தனியாகச் சாப்பிடுகிறாள்.

மே 16

ரான்சம் சீருடையில் வந்தார், கூடவே கெசாயாவும். படையை வேறு மாநிலத்துக்கு அனுப்புகிறார்களாம். அதற்கு முன் திருமணம் நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும் என்றார். எழுதினேன்.

“படிச்சுக் காட்டுங்க.”

படித்தேன்.

“கூட எதுவும் சேர்க்கலையே?”

“இல்லை.”

கெசாயா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். முகாம் பள்ளியில் கற்றுக்கொண்டாராம். விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் படித்தார். ரான்சம் அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சரியாத்தான் இருக்கு” என்றார் கெசாயா. பிறகு கிளம்பிப் போனார்கள்.