கதவுக்குப் பின்னால் நின்ற மாமிக்கு

மாமி,

இன்று காலை உங்கள் மகள் கூனி இறால் வறுத்தாள். அந்த வாசனை குசினியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ஆற்றங்கரையில் கமெராவோடு குந்தியிருந்த என் மூக்கில் ஏறியது. கால் தானாக வீட்டுக்கு நடந்தது. குசினி வாசலுக்குக் கிட்ட வந்ததும் நின்று, வழக்கம்போல இரண்டு தரம் செருமினேன். உள்ளே இருந்து உங்கள் மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஆருக்குச் செருமுறீங்க? அம்மா போய் எவ்வளவு காலம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் எழுந்து கதவுக்குப் பின்னால் போக நேரம் கொடுப்பதற்காகச் செருமிச் செருமிப் பழகிய தொண்டை இது. இனி அதற்கு வேலை இல்லை என்று யார் போய் அதற்குச் சொல்வது?

ஆற்றுக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலும் வட்டையுமாக வளர்ந்த நான், ஆற்றைக் கடந்து கடலோர எழுவான்கரையில் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவது. வந்த அன்றே நீங்கள் கதவுக்குப் பின்னால் போய்விட்டீர்கள். மருமகனுக்கு மாமி முகம் காட்டுவதில்லை, நேரே கதைப்பதில்லை. அந்தக் காலத்திலேயே பல வீடுகளில் அது தளர்ந்துவிட்டது. நீங்கள் விடவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவருக்குச் சொன்னீர்கள்.

"செவரே, மருமகனுக்கு இன்னும் ஒள்ளுப்பம் சோறு போடவா எண்டு கேளு."

நானும் சுவரைப் பார்த்து, "போதுமாம் எண்டு சொல்லு" என்பேன். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். "இந்த வீட்டில செவருக்குத்தான் வேல கூட" என்பார். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இது என்ன கூத்து என்று உங்கள் மகளோடு சண்டை பிடித்திருக்கிறேன். பிறகு அதுவே பழகி, ஒரு விளையாட்டுப்போல ஆகிவிட்டது. எனக்கு நீங்கள் ஒரு குரல், கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை, கதவிடுக்கில் மறையும் ஒரு சேலைத் தலைப்பு.

கடல் ஊருக்குள் வந்த அன்று நானும் உங்கள் மகளும் பிள்ளையும் கொக்கட்டிச்சோலையில் என் தாய் வீட்டில் நின்றோம். நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள். மாமா மீன் வாங்கவென்று கடற்கரைக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை. வீடும் இல்லை. அலுமாரியில் இருந்த கலியாணப் படம், உங்கள் மகளின் சாமத்தியச் சடங்குப் படம், எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன.

பள்ளிக்கூடத்தில் நம்மைத் தங்க வைத்தார்கள். அங்கே ஒளிவதற்குக் கதவு இல்லை. கரும்பலகையைப் பார்த்தபடி எனக்கு முதுகு காட்டி இருந்தீர்கள். சாப்பாடு வேண்டாம், கதை வேண்டாம். ஒரு பின்னேரம் கரும்பலகைக்குச் சொன்னீர்கள்:

"அவர்ர முகம் மறக்குது. கண்ண மூடினா நடை வருது, இருமல் வருது, முகம் வருகுதில்ல. ஒரு படம்கூட இல்லையே."

உங்கள் மகள் வெளியே போய் அழுதாள்.

அண்ணன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த சின்னக் கமெரா என் கையில் இருந்ததால் தப்பியது. அடுத்த நாள் நம் வளவைப் பார்க்கப் போனேன். உப்புத் தண்ணீரில் எல்லாம் கருகிக் கிடந்தது. கிணற்றடியில் முறிந்துபோன முருங்கையில் மட்டும் நகமளவு துளிர். மாமா நட்ட முருங்கை. அதைப் படம் எடுத்து வந்து கமெராவை உங்கள் மகளிடம் கொடுத்தேன். நீங்கள் கமெராவைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தீர்களாம். அன்று இரவு இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். மறுநாள் பின்னேரம் கரும்பலகை கேட்டது:

"இண்டைக்கு ஒண்டும் எடுக்கல்லயாமா?"

அன்றிலிருந்து என்னால் வெறுங்கையோடு வர முடியவில்லை. அதுவரை நான் எதையும் நின்று பார்க்கிற ஆள் இல்லை. வேலைக்குப் போவேன், வருவேன், பேப்பர் படிப்பேன். உங்களுக்கு ஒரு படம் வேண்டுமே என்று அலைந்ததில்தான் ஆற்றங்கரைக் கண்ணா மரத்தில் சிறகைக் காயப்போடும் நீர்க்காகம் கண்ணில் பட்டது. பல் விழுந்த வாயோடு பிள்ளை சிரிப்பது பட்டது. தலை சீவும்போது உங்கள் மகள் சீப்பை வாயில் கடித்துக்கொண்டு என்னை ஏசுவதும் பட்டது. ஒரு நாள் பாடுபட்டு ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்து வந்தேன். நீங்கள் பார்த்துவிட்டு, "கொக்கு நல்லாத்தான் இரிக்கு. கறிக்கு ஒண்டும் எடுக்கல்லயாமா?" என்றீர்கள். மாமா போன பிறகு நீங்கள் சொன்ன முதல் பகிடி அது. நானும் உங்கள் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆற்றோரம் புது வீடு கிடைத்து, கதவும் கிடைத்ததும் நீங்கள் பழையபடி கதவுக்குப் பின்னால் போனீர்கள். நானும் விடவில்லை. முற்றம் கூட்டுகிற முதுகு, முருங்கை ஆய்கிற கை, கொடியில் காயும் சேலைக்குக் கீழே தெரிகிற இரண்டு பாதம் என்று அகப்பட்டதையெல்லாம் எடுத்தேன். முகம் மட்டும் வரவே இல்லை. உங்களுக்கு மாமாவின் முகம் இல்லாமல் போனதுபோல நாளைக்கு எங்களுக்கும் ஆகிவிடுமோ என்ற பயம் எனக்குள் இருந்தது. ஆனாலும் காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் மரியாதைக் கேடு.

அந்த நாட்களில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் ஆட்சி, இந்தப் பக்கம் ஆமியின் ஆட்சி. ஒரு தரம் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பாதைப் படகில் ஆற்றைக் கடந்து வந்தபோது, துறையடிச் சோதனைச் சாவடியில் கமெராவைப் பிடித்துவிட்டார்கள். ஒரு ஆமிக்காரர் ஒவ்வொரு படமாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். கோழி, கொக்கு, கத்தரிக்காய். பிறகு உங்கள் முதுகு, உங்கள் கை, உங்கள் பாதம், மறுபடி உங்கள் முதுகு.

"இது ஆர்?"

"மாமி, சேர்."

"முகம் எங்க?"

"மருமகனுக்குக் காட்ட மாட்டா. எங்கட வழக்கம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "நல்ல மாமி! எங்கட மாமி எந்த நாளும் முன்னுக்குத்தான்" என்று கமெராவைத் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து நான் இதைச் சுவருக்குச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் முதலில் வளையல் சத்தம் கேட்டது, பிறகு நீங்கள் சிரிக்கிற சத்தம். அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்த சிரிப்பு. எனக்கு அன்று பெருநாள்.

சண்டை முடிந்ததென்று ரேடியோ சொன்ன நாளில் ரோட்டுப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். ஆற்றோரத்தில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். வன்னியில் பிள்ளைகள் இருந்த வீடுகள் எத்தனையோ நம் ஊரில். எனக்கு அன்று எதை எடுப்பதென்று தெரியவில்லை. எடுப்பதே பாவமென்று பட்டது. கமெராவை மேசையில் வைத்துவிட்டு இருந்தேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் கை நீண்டது. உள்ளங்கையில் ஒரு முட்டை.

"இண்டைக்கும் கோழி முட்ட போட்டிருக்கு எண்டு சொல்லு, செவரே. உசிரோட இரிக்கிறதுகளப் பாக்கத்தானே வேணும்."

எடுத்தேன். படம் கொஞ்சம் கலங்கிப்போனது. அசைந்தது உங்கள் கையா, என் கையா, தெரியாது.

நோய் வந்து நீங்கள் படுக்கையில் விழுந்தது அதற்குப் பல வருடம் கழித்து. அறை வாசலில் நின்று செருமினேன். எழுந்து ஒளிய உங்களால் முடியவில்லை. தலைப்பை முகத்துக்கு இழுக்கவும் இல்லை.

"மருமகன்."

அந்தச் சொல்லை நீங்கள் நேரே எனக்குச் சொன்னது அதுதான் முதல் தரம். தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லுங்க மாமி" என்றேன்.

"கமராவக் கொண்டு வாங்க. என்ர முகத்த எடுங்க. மறுகா என்னப்போல நீங்களும் கண்ண மூடிக்கிட்டு முகம் தேடக் கூடா."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். கட்டிலுக்கு முன்னால் நின்றேன். ஆனால் மாமி, இத்தனை வருடம் குனிந்து பழகிய கழுத்து நிமிரவில்லை. மாமியின் முகத்தை மருமகன் நேரே பார்ப்பதா? தரையைப் பார்த்தபடி கமெராவை உயர்த்திப் பிடித்து அழுத்தினேன். "நிலத்தப் பாத்து எடுத்தா நிலம்தான் வரும், மருமகன்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அழுத்தினேன்.

படத்தில் மூக்குக்குக் கீழேதான் விழுந்திருக்கிறது. நாடி, வெற்றிலைக் கறை, திறந்து சிரிக்கிற வாய். கண் இல்லை. நாளைக்கு ஒழுங்காக எடுப்போம் என்றாள் உங்கள் மகள். அந்த நாளை வரவில்லை.

அந்தியேட்டிச் சடங்குக்கு உங்கள் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டோம். பயந்துபோன கண்ணோடு யாரோ ஒரு பெண் அதில் இருக்கிறா. அந்தப் பெண் சுவரோடு கதைக்கிற ஆள் இல்லை. சிரிக்கும்போது உங்கள் கண் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அது என்னை வெகுகாலம் தின்றது.

இன்று கூனியும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதை உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்ல மனுசன் நீங்க! சிரிக்கக்குள்ள எனக்கு அம்மாட கண் எண்டு ஊரே சொல்லும். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள், மாமி. நான் குனியவில்லை. நேரே பார்த்தேன், பார்த்து எடுத்தேன். இன்றைய படம் அதுதான்.