கவுன்சிலர் மேல் ஒரு புகார்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

மழைநீர்க் கால்வாயை மறித்து நின்ற உன் சுற்றுச்சுவரை இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஐந்து வருடத்தில் நம் வார்டில் வீடுகள் மூன்று மடங்காகிவிட்டன. தண்ணீர் போக இருப்பதோ அதே ஒற்றைக் கால்வாய். மற்ற பதினோரு வீட்டுச் சுவரையும் இடித்துவிட்டு உன்னுடையதை மட்டும் விட்டிருந்தால் ஊர் வாயை மூட முடியுமா? "நீயெல்லாம் ஒரு கூடப்பிறந்தவளாடி?" என்று நீ கேட்டு எட்டு மாதம் ஆகிறது.

போன வாரம் கொட்டிய மழையில் உங்கள் தெருவில் கணுக்கால்கூட நனையவில்லையாம். அத்தான்தான் போனில் சொன்னார். பாவம், அவரைத் திட்டாதே.

இன்று மனு வாங்கும் நாள். எழுத்தர் ஒரு தாளை நீட்டி, "மேடம், உங்க மேலயே புகார் வந்திருக்கு!" என்றார். பார்த்தால் உன் குண்டு குண்டுக் கையெழுத்து! "தெருவிளக்கு எரியவில்லை. கவுன்சிலர் எட்டு மாதமாக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உடனே நேரில் வர வேண்டும்."

அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

விளக்கைச் சரிசெய்ய நாளைக் காலையில் ஆள் வருவார். அவர் பின்னாலேயே நானும் வருகிறேன். எட்டு மாதத் திட்டையும் சேர்த்து வைத்திருப்பாய். மத்தியானம் வரை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

உன்னிடம் திட்டு வாங்கியே வளர்ந்த
தங்கை