முன்சக்கரம் உரசுகிறது

பிரிஜா,

சாளைக்கறி அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். பழைய ஸ்கூட்டரோடு மறுபடியும் மெக்கானிக் சிலுவைதாசனிடம் போகிறேன். கழற்றி மாட்டியே கை புண்ணாகிவிட்டது.

பிரேக் பிடித்தால் முன்சக்கரம் மட்கார்டில் உரசுவதற்கு உன் எடைதான் காரணம் என்று நேற்று சொன்னேன். காலையில் தனியாக ஓட்டினேன், அப்போதும் உரசியது. நான் வாங்கிப்போட்ட ஷாக் அப்சர்பர் குட்டையாம். போனில் சொன்னதும் சிலுவைதாசன் சிரிக்கிறார்: “ஏலே மக்கா, பின்னால ஆளு இருந்தா முன்பக்கம் பொங்கத்தானே செய்யும்? அவளையா கொறை சொன்ன?”

நாளை தங்கச்சி பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத் தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் தனியாகப் போகாதே. சரியாகாவிட்டால் மட்கார்டையே கழற்றிவிடுவேன்.

பி.கு.: பெயின்ட் அடித்து மினுக்கிய மட்கார்டு, வயிறு எரிகிறது.

இன்னொன்று: மழை பெய்தால் சேறு என்மேல்தான் தெறிக்கும். நீ பட்டுச்சேலையே உடுத்து.