இருட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

மார்ச் 4, செவ்வாய்

மழலையர் பள்ளியில் விளையாட்டு நாள். உச்சி வெயில், வெள்ளைச் சீருடை, சிமெண்ட் தரை. படம் எடுப்பவளுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டாம். வழக்கம்போல் ஒளியைக் குறைத்து வைத்தே எடுத்தேன். நெற்றியோ சட்டையோ ஒருமுறை வெளுத்துப்போனால் போனதுதான், அந்த இடத்தில் ஒன்றுமே பதிவாகியிருக்காது. இருட்டாக விழுந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு டீச்சர் கேமராவை எட்டிப் பார்த்து, "என்னங்க, பிள்ளைங்க எல்லாம் கரிக்கட்டை மாதிரி தெரியுதுங்க?" என்றார். "இருட்டைப் பிறகு பார்த்துக்கலாம்" என்றேன். இந்தத் தொழிலில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

சின்னவனின் பிறந்தநாள் படம் எடுக்கப் பூங்காவுக்குப் போனோம். அவனுக்குப் பிறவியிலேயே நிறமி கிடையாது. முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. வெயிலில் கண் திறக்காது, பார்வையும் மங்கல். ஃப்ளாஷ் அடித்தால் அழுதுவிடுவான். பெரியவள் என்னைப்போல் நல்ல கறுப்பு. அவள் அவனைப் 'பூண்டு' என்பாள், அவன் அவளை 'மிளகு' என்பான். இரண்டும் ஒரே வெயிலில் நின்றால் கேமரா யாரைத்தான் பார்க்கும்? நான் எப்போதும் அவனுக்குத்தான் ஒளி வைப்பேன். வேறு வழி?

இன்று பெரியவள் தம்பிக்குக் குடை பிடித்து நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். "குடையை நீயே பிடிச்சுக்கோம்மா. நான் நின்னாலும் நிக்கலேன்னாலும் உன் போட்டோல ஒண்ணுதான்."

பன்னிரண்டு வயசுக்கு என்ன வாய்! "தோலை உரிச்சுடுவேன்" என்று கத்தினேன். பூங்காவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை.

மார்ச் 10

தலைவலி. பள்ளிப் படங்களைத் தொடவே இல்லை.

மார்ச் 22, சனி

பெரியவள் அவளாகவே அத்தைக்குப் போன் செய்து, அங்கே தங்கிப் படிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நாத்தனாரும் சரி என்றுவிட்டாராம். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம்போல.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"உன்கிட்ட எப்பக் கேக்கறது? உனக்கு அவனைப் பாக்கவே நேரம் பத்தல." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். எழுந்துபோய்த் தட்டைக் கழுவினேன், கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன். ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறது, அம்மாவுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. நான் என்ன ஜென்மம்?

ஏப்ரல் 6, ஞாயிறு

அவள் கொண்டுபோக ஒரு ஆல்பம் செய்து கொடுக்கலாம் என்று பழைய படங்களைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம்.

சின்னவன் பிறந்த பிறகு வெளியில் எடுத்த எல்லாவற்றிலும் அவன் அழகாக இருக்கிறான். இமை முடிகூட எண்ணலாம். பக்கத்தில் ஒரு இருட்டு. பல படங்களில் அந்த இருட்டும் இல்லை, குடைக்கம்பியைப் பிடித்த கை மட்டும். வெயிலை மறைக்க அவளைத்தானே நிற்கவைத்தேன்.

சரி, இப்போது ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். பழைய கேமரா. கம்ப்யூட்டரில் இடம் அடைக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் சுருக்கிச் சுருக்கி வைத்திருக்கிறேன். வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற முகம் வரவில்லை, புள்ளிதான் வந்தது. பச்சையும் சிவப்புமாக, மணலை அள்ளி முகத்தில் வீசியதுபோல. ஊரார் பிள்ளைகளை எல்லாம் தவறாமல் சரிசெய்து அனுப்பினேனே. இவளை? வீட்டுப் படம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் – இப்படியே விட்டிருக்கிறேன்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 7

இன்றும் தேடினேன். கை. தோள். கை.

ஏப்ரல் 19, சனி

ஆல்பம் வேண்டாமாம். "பூண்டு போட்டோ ஒண்ணு குடு, போதும்" என்றாள்.

மே 25, ஞாயிறு

போய்விட்டாள்.

பஸ் நிலையத்தில் கொளுத்துகிற வெயில். நிழலுக்குப் போகலாமென்றால் பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது. "ஒரே ஒரு படம்டி, உனக்காக மட்டும்" என்று கெஞ்சினேன். அவள் கேமராவைப் பார்த்தாள், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தாள். "எனக்கு ஒளி வச்சா பூண்டு வெளுத்துருவானேம்மா" என்றாள். எத்தனை வருஷம் குடை பிடித்துக்கொண்டு என் வாயால் இதையே கேட்டிருப்பாள்! "வெளுக்கட்டும்டி" என்றேன். பையைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி, சீக்கிரம் எடு" என்று நிமிர்ந்து நின்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கண் மறைத்தது.

பஸ் திரும்பிய பிறகு படத்தைப் பார்த்தேன். சின்னவன் அழகாக இருக்கிறான். இமை முடிகூட எண்ணலாம். அவள் இருட்டு.

என் விரல். என் பாழாய்ப்போன விரல். சின்னவன் வெயிலில் நின்றாலே அது தானாக ஒளியைக் குறைத்துவிடுகிறது. குறைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை. இந்தக் கையை என்ன செய்வது?

ஜூன் 8

போன் செய்தேன். "விளையாடிட்டு இருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்றார் நாத்தனார். பேசவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது பொய். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து ஒளி அளவு வைக்கிற துணிச்சல் இப்போது இல்லை. இனி வருமா என்றும் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நாத்தனார் வகுப்புப் படம் ஒன்று அனுப்பியிருந்தார். கூடவே, காலாண்டு விடுமுறைக்கு அவள் வரவில்லையாம் என்று ஒரு வரி.

எவன் எடுத்தானோ, எந்த அரைகுறையோ. நட்ட நடு மதியத்தில், திறந்த மைதானத்தில் நிறுத்தியிருக்கிறான். வானம் போச்சு. சட்டைகளெல்லாம் ஒரே வெள்ளைச் சுவர். முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நெற்றியே இல்லை. நானாக இருந்தால் பார்த்த உடனே அழித்திருப்பேன். பின்வரிசையில் ஓரமாக அவள். முகம் அப்படியே இருக்கிறது, கண், மூக்கு, கன்னத்துக் குழி எல்லாம். வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

சின்னவன் போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். அவன் எதையும் கண்ணோடு ஒட்டிவைத்துத்தான் பார்ப்பான். படத்தைப் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான்.

"அம்மா, மிளகுக்குத் தெத்துப்பல்லா?"

வாங்கிப் பார்த்தேன். ஆமாம். இடது பக்கம், ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது.

"அது எப்பம்மா முளைச்சது?"

தெரியவில்லை என்று சொன்னேன்.